சேர்த்தவர்கள், கொடுத்தவர்கள்: சாமிநாதன் என்னும் பெயரில் சில வாழ்க்கைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எனக்கே விட்டிருந்தீர்கள். வழக்கமாக ஒரு நூலையோ ஒரு காலத்தையோ எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு பெயரை எடுத்துக்கொண்டேன். சாமிநாதன், சுவாமிநாதன், ஸ்வாமிநாதன் என்று பலவாறு எழுதப்படும் பெயர் அது. காவிரிக் கரையில் இந்தப் பெயர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. கும்பகோணத்துக்கு மேற்கே சில கல் தொலைவில் இருக்கிற சுவாமிமலைதான் அதன் ஊற்று. அங்கே தந்தை மாணவராகக் கீழே அமர்ந்திருக்க, பிள்ளை ஆசிரியராக இருந்து பிரணவத்தின் பொருளைச் சொன்னதாகத் தலபுராணம் சொல்லும். கற்பிப்பவரின் பெருமையோடு, கேட்பவரின் பணிவையும் அந்தக் கதை சேர்த்தே போற்றுகிறது. இன்று நான் பேசப்போவதற்கு அது பொருத்தமான வாசல்.

இந்தப் பெயர் தாங்கிய ஐந்து மனிதர்களையும், கதைக்குள் மட்டுமே வாழும் ஒரு சிறுவனையும் உங்கள் முன் நிறுத்தப் போகிறேன். ஐவரில் ஒருவர் ஏடு தேடினார். ஒருவர் வேற்று மொழிகளின் சிந்தனையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒருவர் ஒரு மனிதரின் சொற்கள் அனைத்தையும் தொகுத்தார். ஒருவர் விதைகளைச் சேர்த்தார். ஒருவர் பழங்குடிக் கலைஞர்களின் ஓவியங்களைத் தேடிப் போனார். ஐவரும் தமக்குச் சொந்தமில்லாத செல்வத்துக்குக் காவலர்களாக இருந்தார்கள். பெயர் ஒருவருடைய விதியை எழுதுவதில்லை, இது தற்செயல்தான். ஆனால் தனித்தனித் துறைகளில், தனித்தனி அலமாரிகளில் வைத்துவிட்ட இந்த வாழ்க்கைகளை ஒரே பெயரின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. சேர்ப்பது பாதி வேலை. சேர்த்ததை முறையாகக் கைமாற்றிக் கொடுப்பதே மீதிப் பாதி. அந்த இரண்டாம் பாதிக்கு என்ன ஒழுக்கம் வேண்டும் என்பதை இவர்கள் ஒவ்வொருவரும் தம் வேலையால் காட்டியிருக்கிறார்கள்.

1. ஏட்டிலிருந்து அச்சுக்கு

முதலில் உ.வே. சாமிநாதையர். 1855இல் பிறந்தார். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய முன்னோர் ஊர். அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த பெயர்தான் சாமிநாதன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். வீட்டுப் பெயரைச் சொன்னதும் அதையே நிலைக்கச் செய்துவிட்டார். தமிழ்நாடு தமிழ்த் தாத்தாவை அறிந்த பெயர், ஆசிரியர் மாணவருக்குத் தந்த பெயர்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று இவர் பட்டியலை நீட்ட, அவர் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஆசிரியரிடம் பாடமும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து ஏழு ஆண்டு உழைப்புப் பிறந்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசை தொடர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை இதே பணியில் அவருக்கு முன்னோடியாக இருந்தார் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஏடு தேடி அலைந்த கதை உங்களுக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளைத் தேடிச் சென்றபோது, பழுதுபட்டவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது தேடலை அல்ல, கிடைத்த பின் அவர் செய்ததை.

சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த அவர், பொருள் விளங்காத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய மரபைக் கேட்டறிந்தார். மணிமேகலைக்காகப் பௌத்தத்தைப் பயின்றார். நூல் யாருடைய நெஞ்சிலிருந்து பிறந்ததோ அவர்களின் நம்பிக்கையை உள்ளிருந்து தெரிந்துகொள்ளாமல் அதை அச்சிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. சுவடிக்குச் சுவடி பாடம் வேறுபட்டால் அந்த வேறுபாட்டைப் பக்கத்தின் அடியிலேயே காட்டினார். ஆசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம், அரும்பத அகராதி, சொற்களைத் தேடுவதற்கான அகராதி வரிசை என்று, படிப்பவர் தாமாகவே வழி கண்டுகொள்ளும்படி நூலைக் கட்டினார்.

குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வருகிற இடத்தில் அவரிடமிருந்த ஏடுகளில் சில அடிகள் இல்லை. கற்பனையால் இட்டு நிரப்பத் தெரியாத புலவரல்லர் அவர். செய்யுள் இயற்றுவது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் நிரப்பவில்லை, தேடினார். தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் அவை கிடைத்தன. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 'உதிர்ந்த மலர்கள்' என்று பெயர் வைத்தார். இல்லாததை இல்லை என்று காட்டும் நேர்மைதான் பதிப்பாசிரியரின் முதல் அறம். இன்று குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களையும் தாவரவியலாளர் ஒருவர் எண்ணிப் பார்க்கிறார் என்றால், அந்த எண்ணிக்கையை அவர் நம்ப முடிவதற்குக் காரணம் அந்த அறம்.

2. இரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்

இரண்டாமவர் வெ. சாமிநாத சர்மா. 1895இல் வட ஆர்க்காட்டுச் சீமையில் பிறந்தவர். திரு.வி.க.வின் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களில் பணியாற்றி எழுத்துப் பழகியவர். 1930களில் பர்மாவுக்குப் போனார். இரங்கூனிலிருந்து 'ஜோதி' என்ற மாத இதழை நடத்தினார். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது, துணைவியார் மங்களத்தோடு நடந்தே இந்தியா திரும்பினார். மலையும் காடும் கடந்த அந்தப் பயணத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். போரால் துரத்தப்பட்ட பர்மாத் தமிழர்களின் துயரத்துக்கு அந்நூல் நேர்ச் சாட்சி.

உ.வே.சா. காலத்தின் அடியில் புதைந்ததை மீட்டார் என்றால், சர்மா தூரத்தில் இருந்ததைக் கொண்டுவந்தார். பிளேட்டோவின் அரசியல், ரூஸோவின் சமுதாய ஒப்பந்தம் ஆகியவற்றைத் தமிழில் தந்தார். கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை எழுதினார். துருக்கியின் கமால் அத்தாதுர்க் முதலான தலைவர்களின் வரலாற்றையும், பல நாடுகளின் அரசியலையும் எழுதினார். ஆங்கிலம் அறியாத ஒரு நெசவாளியோ கணக்குப்பிள்ளையோ ஆரம்பப் பள்ளி ஆசிரியரோ உலக அரசியலைத் தன் மொழியிலேயே விவாதிக்கும் நிலையை உண்டாக்கியவர்களுள் அவர் முன்னணியில் நிற்கிறார். ஓர் இனத்தின் சிந்தனை வளரத் தன் முன்னோர் எழுதியது மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். வாங்கியதைத் தன் வீட்டாருக்குப் புரிகிற மொழியில் பகிர வேண்டும் என்பது அவர் தந்த பாடம். கல்வி நிலையங்களில் அவருடைய பெயர் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

3. ஒரு மனிதரின் நூறு தொகுதிகள்

மூன்றாமவர் கே. சுவாமிநாதன். 1896இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்டு அவருடைய வரலாற்றையும் எழுதியவர். அறுபது வயதைக் கடந்து, பலர் ஓய்வை நாடும் காலத்தில், 1960இல், மகாத்மா காந்தியின் எழுத்துகளைத் தொகுக்கும் அரசுத் திட்டத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வேலையின் அளவை நினைத்துப் பாருங்கள். காந்தி குஜராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். இலண்டனிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஏரவாடாச் சிறையிலிருந்தும் இரயில் பெட்டிகளிலிருந்தும் எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். கடிதங்கள் உலகமெங்கும் தனியார் வீடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி, மூலத்தோடு ஒப்பிட்டு, மொழிபெயர்த்து, ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து, கால வரிசையில் அடுக்கினார்கள். முதல் தொகுதி 1958இல் வந்திருந்தது. துணைத் தொகுதிகளும் பொருளடைவும் சேர்ந்து 1994இல் எண்ணிக்கை 100 ஆயிற்று. ஏறத்தாழ 50,000 பக்கங்கள்.

கால வரிசை என்பது எளிய முடிவாகத் தோன்றும். அதற்குள் ஒரு துணிவு இருக்கிறது. பொருள் வாரியாகப் பிரித்திருந்தால் காந்தி ஒரு நீதிநூலாசிரியராக மட்டுமே தெரிவார். நாள் வாரியாக அடுக்கியபோது, வைசிராய்க்கு எழுதிய கடிதமும், ஆசிரமத்தில் ஒருவருடைய வயிற்று வலிக்குச் சொன்ன பத்தியமும் ஒரே நாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவர் கருத்து மாறிய தருணங்களும், தடுமாறிய தருணங்களும் மறையாமல் நிற்கின்றன. பதிப்பாசிரியர் தமக்குப் பிடித்த காந்தியைச் செதுக்கவில்லை. முழு மனிதரையும் கொடுத்தார்.

அந்த முழுமைக்குப் பின்னாளில் ஒரு சோதனை வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டித் திருத்திய பதிப்பு ஒன்று குறுவட்டாகவும் நூலாகவும் வந்தது. வரிசையும் எண்களும் மாற்றப்பட்டிருந்தன. நூற்றுக்கணக்கான பதிவுகள் விடுபட்டிருந்தன. உலகெங்கும் ஆய்வாளர்கள் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் காட்டி எழுதியிருந்த மேற்கோள்கள் நிலைகுலைந்தன. காந்தி ஆய்வாளர்கள் வலுவாக எதிர்த்தார்கள். 2005இல் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. பழைய பதிப்பையே ஆய்வுலகம் மீண்டும் கைக்கொண்டது. அதை இன்று 'கே.எஸ். பதிப்பு' என்றே அழைக்கிறார்கள். முகப்பில் தம் பெயர் பெரிதாக நிற்க வேண்டும் என்று கருதாமல் உழைத்தவருடைய முன்னெழுத்துகள் நம்பகத்தின் முத்திரையாகிவிட்டன.

இங்கே ஓர் அழகிய சந்திப்பும் உண்டு. 1937 மார்ச்சில் சென்னையில் பாரதிய சாகித்திய பரிஷத் கூடியது. காந்தி தலைமை தாங்கினார். வரவேற்புக் குழுத் தலைவராக எண்பதைக் கடந்த உ.வே.சா. பேசினார். அவருடைய உரையைக் கேட்ட காந்தி, இவருடைய காலடியில் அமர்ந்து தமிழ் கற்க வேண்டும் என்ற ஆசை எழுவதாகச் சொன்னார். அந்த மாநாட்டில் காந்தி பேசியவையும் தொகுதிக்குள் இருக்கின்றன. ஒரு சாமிநாதனுக்குக் கிடைத்த வணக்கத்தை இன்னொரு சாமிநாதன் காத்துத் தந்திருக்கிறார்.

4. விதையும் வயலும்

நான்காமவர் எம்.எஸ். சுவாமிநாதன். 1925 ஆகஸ்ட் 7 அன்று கும்பகோணத்தில் பிறந்தார். உ.வே.சா. 23 ஆண்டுகள் தமிழ் கற்பித்த அதே ஊர். தந்தை சாம்பசிவன் அறுவை மருத்துவர். யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டிக் கொசுக்கள் பெருகும் குட்டைகளை அழித்தவர். மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது மறைந்தார். மகனும் மருத்துவராவார் என்று வீடு எதிர்பார்த்தது. 1943இன் வங்கப் பஞ்சம் அந்த இளைஞரின் மனத்தைத் திருப்பியது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு நெதர்லாந்துக்கு உருளைக்கிழங்கின் மரபியல் படிக்கப் போனார். 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் நடந்தது நாடறிந்த வரலாறு. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை வகைகளை இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. 1966இல் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் முன்னின்று 18,000 டன் விதையைத் தருவித்தார். அதுவரை 1.2 கோடி டன்னைச் சற்றே தாண்டியிருந்த கோதுமையின் உச்ச விளைச்சல், 1968 அறுவடையில் ஏறத்தாழ 1.65 கோடி டன்னைத் தொட்டது. தானியக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்டுக்கு மூச்சு வந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், வெற்றி நெல்லுக்கும் கோதுமைக்கும் வாசலில் வந்து நிற்கும் வேளையில், வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளம் பேணாமல் பயிரிட்டால், பூச்சிமருந்தைக் கண்மூடித் தெளித்தால், நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சினால், ஊருக்கொரு வகையாக இருக்கும் பயிர்களை அகற்றி ஓரிரு வகைகளை மட்டும் நிறைத்தால் பேரழிவு வரும் என்றார். அந்த எச்சரிக்கையை நாடு போதிய அளவு கேட்கவில்லை. பஞ்சாபின் நீர்மட்டமும், தமிழக வயல்களிலிருந்து மறைந்த நெல் வகைகளும் அதற்குச் சான்று. பசுமைப் புரட்சி என்று பெயர் பெற்ற அந்த மாற்றத்தின் விளைவுகளைக் கேள்வி கேட்ட, இயற்கை வேளாண்மையை வலியுறுத்திய நம்மாழ்வார் போன்றோரின் குரல் நியாயமானது. அந்தப் புரட்சி பட்டினியைத் தள்ளி வைத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நாம் இப்போது பார்த்த பதிப்பு அறத்துக்கு மாறானது.

அவருடைய சேகரிப்புப் பணிக்கு வருகிறேன். 1960களின் இறுதியில் அவர் தலைமையில் இருந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடகிழக்கு மாநிலங்களில் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைத் திரட்டியது. 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநராக இருந்தார். கம்போடியாவில் போல்பாட் ஆட்சியின் கொடுமையில் வயல்களும் விதைகளும் அழிந்தபோது, முன்பே சேகரித்து வைத்திருந்த அந்நாட்டின் நூற்றுக்கணக்கான நெல் வகைகளை அந்த நிறுவனம் 1980களில் அந்நாட்டு உழவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. காப்பகம் என்பதன் பொருள் இதுதான்: கடன் வாங்கியதைக் கொடுத்தவரிடமே சேர்க்கும் நாளுக்காகக் காத்திருத்தல்.

1988இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சமுதாய விதை வங்கிகளை அமைத்தது. அங்கே சிறுதானியம் விளைந்த நிலங்களை ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பிடித்துக்கொண்டிருந்தது. சாமையைக் குற்றிப் புடைப்பது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. அதுவும் சாமை கைவிடப்பட ஒரு காரணம். எனவே விதையோடு உமி நீக்கும் இயந்திரமும் மலையேறியது. குளிர்ப்பெட்டியில் உறங்கும் விதையும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைப் பார்த்தாக வேண்டும், இல்லையேல் முளைப்புத்திறன் போய்விடும். விதையை உண்மையாகக் காப்பாற்றுவது அதை விதைத்து, உண்ணும் குடும்பம்தான். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ பாரம்பரிய விதையை வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது விதியாக இருந்தது. கொடுத்தால் பெருகும் என்பதை அந்த ஏற்பாடு கண்முன் நிறுத்தியது.

5. கலைஞரின் பெயர்

ஐந்தாமவரைத் தமிழ் வாசகர்கள் குறைவாகவே அறிவார்கள். ஜகதீஷ் சுவாமிநாதன். 1928இல் சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர். இளமையில் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்தவர். பறவையும் மரமும் மலையும் விண்ணில் மிதக்கும் அவருடைய ஓவிய வரிசை இந்திய நவீன ஓவியத்தின் உயரங்களில் ஒன்று.

1982 பிப்ரவரியில் போபாலில் பாரத் பவன் திறக்கப்பட்டது. ஏரிக்கரைச் சரிவில் சார்லஸ் கொரியா வடிவமைத்த கட்டடம் அது. அதன் கலைக்கூடமான ரூபங்கரை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற சுவாமிநாதன், மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிக் கிராமங்களுக்கு இளம் கலைஞர்களை அனுப்பினார். அப்படிப் போனவர்கள் பாட்டன்கட் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் கண்ட ஓவியம் ஜங்கட் சிங் ஷியாம் என்ற இளைஞரைப் போபாலுக்கு அழைத்துவந்தது. சுவாமிநாதன் அவருக்குத் தாளும் வண்ணமும் தந்தார்.

அதற்குமுன் பழங்குடிக் கலை அருங்காட்சியகங்களில் இன்ன இனத்தின் கைவினை என்ற சீட்டோடு, செய்தவர் பெயரின்றிக் கிடந்தது. சுவாமிநாதன் நகர ஓவியர்களின் படைப்புகளையும் பழங்குடிக் கலைஞர்களின் படைப்புகளையும் ஒரே கூரையின் கீழ் சம மதிப்போடு வைத்தார். ஆதிவாசிக் கலை கடந்த காலத்தின் எச்சமல்ல, அதுவும் இன்றைய கலையே என்று வாதாடினார். ஜங்கட் 1989இல் பாரிஸின் பொம்பிடு மையத்து உலகக் கண்காட்சியில் இடம்பெற்றார். அவருடைய வழியில் உறவினர்களும் ஊராரும் வரையத் தொடங்கினார்கள். அந்தப் பாணிக்கே 'ஜங்கட் கலம்' என்று பெயர் நிலைத்தது. அவருடைய உறவினரான பஜ்ஜு ஷியாம் வரைந்த நூல்களைச் சென்னையின் தாரா பதிப்பகம் உலகுக்குக் கொண்டுசேர்த்தது. 2018இல் பஜ்ஜுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சேகரிப்பவர் தம் பெயரைப் பின்னுக்கு வைத்துப் படைத்தவர் பெயரை முன்னால் எழுத வேண்டும். ஜகதீஷ் சுவாமிநாதன் கற்றுத்தந்த ஒழுக்கம் அது.

6. மால்குடியின் சாமி

இனி அந்தச் சிறுவன். ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான 'சாமியும் நண்பர்களும்' 1935இல் இலண்டனில் வெளிவந்தது. பல பதிப்பகங்கள் மறுத்த கையெழுத்துப் பிரதியை, ஆக்ஸ்போர்டில் படித்த நண்பர் ஒருவர் கிரகாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீன் அதற்குப் பதிப்பாளரைத் தேடித் தந்தார். இதுவும் ஒரு கைமாற்றம்தான்.

மால்குடியில் வாழும் சாமிநாதனுக்குப் பத்து வயது. ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் படிக்கிறான். திங்கட்கிழமை என்றாலே அவனுக்குக் கசப்பு. 1930 ஆகஸ்டில் ஊர் தேசபக்தியில் கொதிக்கும்போது பள்ளியின் சன்னல்மீது கல் எறிந்து அங்கிருந்து விலக நேர்கிறது. அடுத்த பள்ளியிலிருந்தும் தலைமையாசிரியரின் பிரம்பை வெளியே வீசிவிட்டு ஓடுகிறான். காட்டுச் சாலையில் வழி தவறி மயங்கி விழுகிறான். நண்பர்களின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு வந்து சேர முடியாமல் போகிறது. போலீஸ் அதிகாரியின் மகனான ராஜம் அதற்காகவே அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான்.

ஏட்டையும் விதையையும் காத்த பெரியவர்களுக்கு நடுவில் இவனுக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். நூலின் கடைசிப் பகுதியில் ராஜத்தின் குடும்பம் ஊரை விட்டுப் போகிறது. சாமி தன் கையிலிருந்த ஆண்டர்சன் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் இரயில் நிலையத்துக்கு ஓடுகிறான். முதலில் அவனால் நெருங்கிப் போய்ப் பேச முடியவில்லை. வண்டி நகரும்போது நண்பன் மணி அந்தப் புத்தகத்தை ராஜத்தின் கையில் சேர்க்கிறான். அதற்குமுன் ராஜம் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் தோன்றியது; வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் அன்போடு வாங்கினானா என்பது சாமிக்குக் கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை.

கொடுத்தலின் கடினமான உண்மையை நாராயண் இங்கே ஒரு சிறுவனின் தவிப்பில் வைத்திருக்கிறார். கொடுப்பவர் கையில் பெறுபவரின் மனம் இல்லை. உ.வே.சா. சிந்தாமணியை அச்சிட்டபோது அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. 1968இல் சொன்ன எச்சரிக்கையை உழவர்களும் அரசும் கேட்பார்களா என்று சொன்னவருக்குத் தெரியாது. இருந்தும் கொடுத்தார்கள். பெரிய சாமிநாதன்களின் வாழ்க்கை வரலாறுகள் நமக்குச் சாதனையைக் காட்டுகின்றன. கற்பனைச் சாமிநாதன் அந்தச் சாதனைக்கு அடியில் இருக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறான். உண்மை மனிதர்களையும் கதை மாந்தரையும் ஒரே வரிசையில் நிறுத்த நான் விரும்பியதற்குக் காரணம் இதுவே.

7. நம் கையில் இருப்பது

இந்த வரிசையில் ஒரு குறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன ஐவரும், எழுத்தும் கல்லூரியும் முதலில் எட்டிய சமூகச் சூழலிலிருந்து வந்தவர்கள். அவர்கள் உழைப்பின் பெருமை இதனால் குறையாது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தவர்கள் யார்? ஆழ்வார்திருநகரியில் தலைமுறை தலைமுறையாக ஏட்டைப் பூச்சி அரிக்காமல் வைத்திருந்த கவிராயர் குடும்பங்கள். மடங்களின் சரசுவதி மகால்களில் படியெடுத்தவர்கள். மலைச்சரிவில் சாமை விதையைச் சாம்பல் கலந்து மண்பானையில் காத்த பெண்கள். வீட்டுச் சுவரில் செம்மண்ணால் வரைந்த பாட்டன்கட் தாய்மார்கள். அவர்களில் பலருடைய பெயர் நம்மிடம் இல்லை. அவர்களுக்குள்ளும் எத்தனையோ சாமிநாதன்கள் இருந்திருப்பார்கள். தொகுத்தவருக்கு நாம் செய்யும் மரியாதையில் பாதியாவது காத்தவருக்கும் சேர வேண்டும்.

எனவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவாருங்கள். அது ஆயாவின் தாலாட்டாக இருக்கலாம், மலேயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ தாத்தாவுக்கு வந்த கடிதமாக இருக்கலாம், ஒரு பிடி நாட்டுக் கத்தரி விதையாகவும் இருக்கலாம். கொண்டுவரும்போது இந்த ஐவரின் ஒழுக்கத்தையும் கடைப்பிடியுங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். விளங்காத இடத்தை விளங்கவில்லை என்றே குறியுங்கள். எல்லோருக்கும் புரிகிற மொழியில் விளக்கம் சேருங்கள். பிடிக்காத பகுதியை வெட்டாதீர்கள். விதையானால் விதையுங்கள், பாட்டானால் இன்னொருவருக்குப் பாடக் கற்றுக்கொடுங்கள். கொடுத்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.

கல்லூரி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். அவற்றுக்கென்று நூலகத்தில் ஓர் அலமாரியும், ஆண்டுக்கொரு சிறு வெளியீடும் ஒதுக்குங்கள். இந்தச் சொற்பொழிவே ஒரு குடும்பம் தன் பொருளைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், முகம் அறியாத மாணவர்களுக்காக ஒப்படைத்ததால் நடக்கிறது. அந்தக் கொடைக்கு ஈடாக நாம் செய்யக்கூடியது இன்னொரு கொடைதான். அடுத்த ஆண்டு இதே மேடையில் பேச வருபவருக்கு, மாணவர்கள் திரட்டிய முதல் தொகுதியை நீங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.